காமு சொல்லிக்கொடுத்த பாட்டுகள்

உபதேசியார் ஏசுதாசன் வீட்டில் பாட்டுக்குக் குறைவே இல்லை. விடிந்தால் கீர்த்தனை, விளக்கு வைத்தால் ஞானப்பாட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம். சினிமாப் பாட்டு மட்டும் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் அது ஆரம்பித்ததும் உபதேசியாரே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். பள்ளிக்கூட ஆசிரியையான அவர் மகள் ஜெயசீலி, பிள்ளைகளின் கணக்கைத் திருத்திக்கொண்டே, பலகை இடுக்கு வழியாகக் கசிந்து வந்த மெட்டை மட்டும் பொறுக்கிக்கொள்வாள். வார்த்தைகள் வெளியிலேயே நின்றுவிடும்.

குரோம்பேட்டை வீட்டிலிருந்து தாம்பரம் பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தவளுக்கு, அறுபத்திரண்டாம் வருஷம் விடாத இருமல் பிடித்தது. மாலையானால் காய்ச்சல். பிறகு ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சானடோரியத்துக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். சேதி எப்படியோ பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்து, அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மெதுவாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

பெண்கள் வார்டு நீளமான கூடம். மழைக்கும் வெயிலுக்கும் திறந்தே கிடக்கும் ஜன்னல்கள். ஊசி, மாத்திரை, பால், முட்டை, மூடி போட்ட எச்சில் கிண்ணம், மறுபடி படுக்கை. நெஞ்சுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் உரக்கப் பேசக் கூடாது, பாடவே கூடாது. ஆனால் சாயங்காலம் சுவரில் இருந்த ஸ்பீக்கரில் ரேடியோ போடுவார்கள். முதல் நாள் அதிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு முழுசாக, வார்த்தையும் மெட்டுமாக இறங்கி வந்தபோது, ஜெயசீலி பழக்கதோஷத்தில் ஜன்னலைத்தான் பார்த்தாள். அதைச் சாத்த ஆளில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. மேலே ஏறும் இடத்தில் புருவம் ஏறியது, இறங்கும் இடத்தில் முகவாய் இறங்கியது. பாட்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இந்தப் பாட்டு தெரியாதா? எந்த ஊர்ல கீறே நீ?"

அவள்தான் காமு. பல்லாவரத்துக்காரி. புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, வீட்டில் நாலு வயசுப் பெண் குழந்தை. ஜெயசீலி கேட்கக் கேட்க, காமு பாட்டுகளை வரிவரியாக உதட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருக்களித்துப் படுத்து, ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டு, குரலே இல்லாமல் பாடுவார்கள். நர்ஸ் வந்து பார்த்தால் இரண்டு பெண்கள் சும்மா படுத்திருப்பார்கள்.

பாட்டோடு கதையும் வரும். படமே பார்த்திராத ஜெயசீலிக்கு அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது, யார் பாடுகிறார்கள் என்று காமு விலாவாரியாகச் சொல்வாள். அதில் ஓடக்காரப் பாட்டு ஒன்று ஜெயசீலிக்கு உயிர்.

"அவ சீக்குக்காரி, டீச்சர். இந்தக் கரையில தனியா உக்காந்துகினு கீறா. அந்தாண்ட கரையில புருசன். புயலா இருந்தாலும் மழையா இருந்தாலும் சாயங்காலமானா ஓடத்தைத் தள்ளிக்கினு வந்துடுவான். அவன் வர்றதைப் பார்த்துப் பாடறா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கொயந்தையையும் ஓடத்துல வெச்சு இட்டாந்துடறான்."

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஆரஞ்சுப்பழமும் வேதாகமமுமாக வந்து, மகள் தலைமாட்டில் ஜெபம் செய்துவிட்டுப் போவார். காமுவைப் பார்க்க யாரும் வந்து ஜெயசீலி பார்த்ததில்லை. "ஷாப்புல லீவு குடுக்க மாட்டாங்கோ," என்பாள் காமு.

காமுவுக்கு முதலில் குணமாயிற்று. போகும் நாளன்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, "நீ வெளிய வா. உன்னை டென்ட் கொட்டாய்க்கு இட்டுனு போறேன். முறுக்கு துன்னுக்கினே படம் பார்க்கலாம்," என்றாள். அப்புறம் அவள் வரவில்லை. அந்தக் கட்டிலுக்கு வந்த தபீதாள் என்ற கிழவிக்குக் காது சரியாகக் கேட்காது. ஸ்பீக்கர் பாடும், ஜெயசீலி காலியான சுவரைப் பார்த்து உதட்டை அசைப்பாள்.

நோய் தீர்ந்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், துணி காயப்போடத் தனிக்கொடி. அண்ணன் எட்மண்டுக்குக் கல்யாணமாகியிருந்தது. அண்ணி மெட்டில்டா கெட்டவள் இல்லை. "கோவிச்சுக்காதீங்க, ஜெயா. கைக்குழந்தை இருக்கிற வீடு," என்றுதான் சொன்னாள். ஜெயசீலி கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையைத் தூக்கவும் இல்லை. அப்பா இறந்த பிறகு, சேலையூரில் ஓர் அறையும் சமையல்கட்டுமான போர்ஷனுக்கு மாறினாள். பழைய வியாதி தெரியாத வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதலில் வாங்கிய பொருள் ஒரு டிரான்சிஸ்டர்.

அடுப்பு மூட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அது பாடும். மற்றவர்களுக்குப் பாட்டு கேட்டால் கொட்டகையும் நடிகர்களும் நினைவுக்கு வரும். அவளுக்கு வருவது வேறு. ஒரு பாட்டு வந்தால் இடுப்பில் ஊசி வலிக்கும். இன்னொன்றில் அப்பா ஆரஞ்சு உரிக்கும் வாசனை. எல்லாவற்றிலும் ஒருக்களித்துப் படுத்த காமுவின் வாய். சனிக்கிழமை மாலைகளில், சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம் சிரித்துப் பேசும் சத்தம் கேட்கும்போது, ஜெயசீலி டிரான்சிஸ்டரின் காதைத் திருகிக் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

அறுபத்தொன்பதில் தாம்பரம் கொட்டகையில் அந்த ஓடக்காரப் பாட்டு வரும் படத்தைப் பழைய பிரதியாக மறுபடி போட்டார்கள். இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் மேட்னிக்குத் தனியாகப் போனாள். அதுவரை அவள் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை.

பாட்டு வந்தது. கரை இல்லை, புயல் இல்லை, சீக்குக்காரியும் இல்லை. ஒரு பணக்காரப் பெண் தோட்டத்துக் குளத்தில் தோழிகளோடு படகில் உட்கார்ந்து, இரண்டு வாலிபர்களைக் கேலி செய்து பாடினாள். கொட்டகை விசிலடித்தது. ஜெயசீலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் மாறிவிட்டதோ என்றுகூட நினைத்தாள். வார்த்தைகள் அதேதான். கதை மட்டும் காமுவுடையது.

வீட்டுக்கு நடந்து வரும்போது காமு சொன்ன மற்றக் கதைகளும் வரிசையாக எழுந்து வந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒருவன், எந்த வழியிலாவது, தவறாமல் வந்து சேர்ந்தான். கட்டாயம் ஒரு குழந்தையையும் கூட்டி வந்தான். நடு ரோட்டில் நின்று, "அடிப் பாவி," என்றாள் ஜெயசீலி.

எழுபத்து நாலில் காமுவைப் பார்த்தாள். மாம்பலத்திலிருந்து திரும்பும் ரயில், பெண்கள் பெட்டி. எதிர் பெஞ்சில் புடவைக்கடைப் பொட்டலங்களோடு மூன்று பேர்: பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கெட்டிக்கரைப் பட்டு கட்டிய ஒரு பருத்த அம்மாள், நடுவே காமு. உடம்பு பூசியிருந்தது. முகவாய் அதேதான்.

"காமு அக்கா!" வாயை மீறி வந்துவிட்டது. "நான் ஜெயசீலி. டீச்சர்!"

காமுவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே கதவு சாத்தியதுபோல் ஆயிற்று.

"யாரு சம்பந்தியம்மா? தெரிஞ்சவங்களா?" என்றாள் பட்டுப்புடவைக்காரி.

"தெரியலீங்களே. ஆளு மாறிப் போச்சு போல கீது."

"உன் பேரைச் சொன்னாங்களேம்மா," என்றது பெண்.

"காமுன்னா ஊருக்கு ஒருத்திதானா கீறா? சும்மா இரு."

காமு பொட்டலத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜெயசீலிக்குப் பாளையங்கோட்டை மாப்பிள்ளை வீட்டார் நினைவுக்கு வந்தார்கள். ஒரு வார்த்தை போதும். எங்கே பழக்கம் என்று அந்த அம்மாள் கேட்டால் போதும்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். "எங்க ஸ்கூல்ல முன்னாடி வேலை பார்த்த டீச்சர்னு நினைச்சுட்டேன். அவங்க உங்களைவிட உயரம்."

"அதானே!" என்று பட்டுப்புடவைக்காரி சிரித்தாள். "கல்யாணப் பொண்ணு, டீச்சர். எங்க பையனுக்குத்தான் எடுக்கறோம். நீங்களும் ஆசீர்வாதம் பண்ணுங்க."

ஜெயசீலி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஓடத்தில் வராத குழந்தை. "நல்லா இரும்மா," என்றாள். பல்லாவரத்தில் மூன்று பேரும் இறங்கினார்கள். காமு திரும்பிப் பார்க்கவில்லை.

தான் செய்தது சரி, காமு செய்ததும் சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்றிலிருந்து பல வாரங்கள் டிரான்சிஸ்டரைத் தொட மனம் வரவில்லை. அறைக்குள் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. காமு மறைத்தாள் என்றால் நான் மட்டும் யாரிடம் சொன்னேன் என்று ஒருநாள் தோன்றியது. அந்த எண்ணம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான், மதியச் சாப்பாட்டு வேளையில் திரிபுரசுந்தரி டீச்சர், "சர்ச், ஸ்கூல், வீடுன்னு இருக்கற உங்களுக்கு இவ்வளவு பழைய பாட்டு எப்படித் தெரியும்?" என்று வழக்கம்போலக் கேட்டபோது, 'பக்கத்து வீட்டு ரேடியோ' என்ற வழக்கமான பதிலை ஜெயசீலி சொல்லவில்லை.

"சானடோரியத்துல கத்துக்கிட்டேன். ரொம்ப நாள் அங்கே படுத்திருந்தேன். இப்ப ஒண்ணும் இல்லை."

திரிபுரசுந்தரி, "அப்படியா?" என்றாள். பகிர்ந்துகொள்ள நீட்டியிருந்த பொரியலை மெல்ல இழுத்து மூடினாள். மறுநாளிலிருந்து அவளுக்கு மதியம் வேறு வேலைகள் வந்தன. ஜெயசீலி காலி வகுப்பில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். எதிர்பார்த்ததுதான்.

அந்த வருஷம் போய் அடுத்த வருஷமும் பாதி கழிந்த பிறகு, ஒரு பிற்பகலில் திரிபுரசுந்தரி வந்து வகுப்பு வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என் தம்பி ராஜாராமனுக்கு... நேத்து ரத்தமா வந்தது. யார்கிட்டயும் சொல்ல முடியலை. அங்கே முதல்ல எங்கே போகணும், டீச்சர்?"

"நானே கூட வர்றேன்," என்றாள் ஜெயசீலி.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரையும் கூட்டிப்போனாள். எந்த வரிசை, எந்த ஜன்னல், எக்ஸ்ரேக்கு எந்தப் பக்கம் எல்லாம் கால்களுக்கு மறக்கவில்லை. பையன் பயந்துபோயிருந்தான். "சரியாயிடும். நான் நிக்கறேன் பாருங்க," என்று தன்னையே காட்டினாள். அவனை வார்டில் சேர்த்த பிறகு திரிபுரசுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். "நீங்க உள்ளே போங்க. அவன் தேடுவான்," என்று அனுப்பிவிட்டு ஜெயசீலி ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

பிளாட்பாரத்து டீக்கடை ரேடியோவில் புதுப்பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. புதிய மெட்டு, புதிய குரல். அவள் அதுவரை கேட்டதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள். அந்தப் பாட்டுக்குள் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. தாம்பரம் வண்டி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு, பெண்கள் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து ஏறினாள்.