துணி தோய்த்த எல்லைக்கல்

சங்குச் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், சொக்கம்மாள் தோய்த்துக்கொண்டிருந்த துணியைக் கல்லின்மேல் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அளவெடுக்க வந்த ஆள், குழாய் பட்டணத்து எல்லைக்கல் வரைக்கும்தான் வரும், அதற்கு அப்பால் ஓர் அடிகூட வராது என்றான். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஜஹானாரா கேட்டாள். அவன் சந்தின் வடகோடியைப் பார்த்துக் கையை நீட்டினான். சொக்கம்மாளின் ஈரப்புடவைக்கு அடியில் இருந்த கல்தான் அது.

"சந்து மொத்தமும் எல்லைக்குள்ளதான் கீது. கவலைய வுடுங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். சந்தே சிரித்தது. சொக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கல்லை அங்கே கொண்டுவந்து வைத்தவளே அவள்தான்.

தண்டையார்பேட்டையைத் தாண்டி, திருவொற்றியூர் போகும் சாலைக்குக் கடல் பக்கமாக இருந்தது சங்குச் சந்து. ஆண்களில் பாதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். மீதிப் பேர் தோல் கிடங்கில். சந்தின் வடகோடியில் ஒரு கிணறு உண்டு. அதன் தண்ணீரில் பருப்பு வேகாது. துணி காய்ந்தால் உப்புப் பூக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தோடு தெற்கே தண்டையார்பேட்டைக் குழாய்க்குப் போகவேண்டும். அங்கே இருந்தவர்களும் ஒன்றும் மகாராணிகள் இல்லை, இவர்களைப் போலக் குடம் சுமந்தவர்கள்தான். ஆனாலும் குழாய் தங்கள் தெருவில் இருந்ததால் ஒரு மிடுக்கு. "எல்லைக்கு அந்தாண்ட கீறவளுக்கு இந்தாண்ட இன்னாடி தண்ணி" என்று இவர்களுடைய குடங்களைக் காலால் ஓரந்தள்ளுவார்கள். தங்கள் குடங்களெல்லாம் நிறைந்த பிறகு, குழாயில் மிச்சம் ஏதாவது வடிந்தால் அதுதான் இவர்களுக்கு.

கிணற்றடியில் தோய்க்கக் கல் இல்லை. சந்தின் தெற்கு வாயிலில், சாலையோரம், குட்டையாக ஒரு கருங்கல் யாருக்கும் பயனில்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் சொக்கம்மாள் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, உலக்கைகளை அடியில் கொடுத்து, அதை வடகோடிக்கு உருட்டிவிட்டாள். பக்கவாட்டில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. எழுத்துத் துணியைக் கிழிக்கும் என்று அதை வெளிப்பக்கமாகத் திருப்பியும் வைத்தாள். அன்றிலிருந்து காலையில் தோய்க்கும் கல், மாலையில் குடம் இறக்கும் கல். பட்டணத்து எல்லை சொக்கம்மாள் வீட்டுச் சோப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் எதிரே பக்தவச்சலம் இருந்தார்.

சாலைக்கு மேற்கே, சந்துக்கு எதிரிலிருந்து வடக்கே நெடுகப் போகும் தென்னந்தோப்பு அவருடையது. பட்டணம் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. தோப்பை மனை மனையாகப் பிரித்து, தன் பெயரையே வைத்து, வாசலில் பெரிய பலகை மாட்டியிருந்தார்: 'பட்டணத்து வரி இல்லை. பட்டணத்துத் தண்ணீர் உண்டு.' கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கல் சந்தின் தெற்கு வாயிலில் இருந்தால் அவருடைய ஆசை பலிக்கும்: தோப்பு எல்லைக்கு வெளியே, வரி கிடையாது, கடைசிக் குழாய் அவருடைய வாசலுக்கு நேர் எதிரே. கல் வடகோடியில் இருந்தாலோ குழாய் சந்துக்குள் போய்விடும், தோப்பில் பாதிக்கு வரியும் வந்துவிடும். கல் முன்பு எங்கே நின்றது என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உடனே மனுப் போட்டார். கவுன்சிலர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவருடைய தோப்பு இளநீர்தான் போகும். ஆகவே மனு தூங்கவில்லை. சர்வேயர் வருகிறார், அதுவரை குழி தோண்டவேண்டாம் என்று உத்தரவு வந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி செத்துப்போய் கீது?" என்றாள் ஜஹானாரா. அவள் நிறைமாதம். அந்த வயிற்றோடு இடுப்பில் குடமும் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கும் சந்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"கல்ல உருட்டனது நானுதானேடி. உன் கொயந்தைக்கு வர்ற தண்ணிய நானே கெடுத்துட்டேனே."

"உனுக்கு இன்னா தெரியும், பாவம். கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு."

சொல்லிவிடலாம்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். சொக்கம்மாளுக்கோ மடியில் ஒரு கருங்கல்லே இருந்தது. சோறு இறங்கவில்லை.

சர்வேயர் ஜெயவேல் தொப்பியும் குடையுமாக வந்தார். கூடவே மண்வெட்டியும் கொடியும் தூக்கிய இரண்டு ஆட்கள். பக்தவச்சலம் இளநீர் சீவிக் கொடுத்து வரவேற்றார். சந்து முழுவதும் கிணற்றடியில் கூடிவிட்டது.

"சார், இது இந்தச் சந்து ஆம்பளைங்க கூட்டுச் சேர்ந்து செஞ்ச வேலை. சர்க்கார் கல்லைத் திருடறது லேசான குத்தமா? நாலு பேரை உள்ளே தள்ளினால்தான் புத்தி வரும்" என்றார் பக்தவச்சலம். சொல்லிக்கொண்டே ஜஹானாராவின் புருஷன் ஜாபரைப் பார்த்தார். ஜாபரிடம் ஒரு கைவண்டி இருந்தது; அவர் கணக்கில் அதுவே சாட்சி.

ஜஹானாராவின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும் சொக்கம்மாளின் கால்கள் தாமாகவே முன்னால் வந்துவிட்டன.

"ஆம்பளைங்க யாரும் இல்ல சாமி. நானுதான் உருட்டினு வந்தேன். துணி தோய்க்கக் கல்லு இல்ல. அது எல்லைன்னு எனுக்குத் தெரியாது. சும்மா கெடக்குதேன்னு எடுத்தேன்."

ஜெயவேல் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மீசைக்குள் ஏதோ அசைந்தது, சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

"எங்கிருந்து உருட்டினே?"

அவள் அழைத்துப்போய்க் காட்டினாள். சொல்லிவிட்ட பிறகு மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் குழாய் போய்விட்டதே என்று நினைத்தபோது கண் நிறைந்தது.

"அப்புறம் என்ன சார், அவளே ஒப்புக்கொண்டாள். கல்லைத் திரும்ப இங்கேயே நட்டுவிட்டு, சாப்பிட வாங்க" என்றார் பக்தவச்சலம்.

"கரியைப் பார்த்துவிட்டு நடலாம்" என்றார் ஜெயவேல்.

எல்லைக்கல் நடும்போது குழியில் ஒரு கூடை கரியைக் கொட்டி, அதன்மேல் கல்லை நிறுத்துவது பழைய வழக்கம். கல்லை யாராவது பெயர்த்துப்போனாலும் கரி கிடக்கும். அது மக்காது, கறையானும் தொடாது. ஆட்கள் தெற்கு வாயிலில் தோண்டினார்கள். மணல் வந்தது, கிளிஞ்சல் வந்தது, இன்னும் ஆழமாகப் போனால் தண்ணீரே வந்தது. கரி வரவில்லை. இந்தப்பக்கம் ஒரு குழி, அந்தப்பக்கம் ஒரு குழி. ஒரு துண்டுகூட இல்லை.

"பொய் சொல்றியாம்மா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியம் சாமி. இங்கதான் இருந்துச்சு."

"அவள் சொல்றது நிஜம்தான் சார், நானே பார்த்திருக்கேன்" என்று பக்தவச்சலமும் அவசரமாகச் சேர்ந்துகொண்டார். சொக்கம்மாளுக்காக அவர் சாட்சி சொன்னது வாழ்நாளிலேயே அந்த ஒருமுறைதான்.

ஜெயவேல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "கரி இல்லாத இடத்தில் நான் கல் நடமாட்டேன். கோடு பிடிச்சுப் பார்த்துடுவோம்" என்றார். மேற்கே கால்வாய்க் கரையில் ஓர் எல்லைக்கல், கிழக்கே கடற்கரையில் ஓர் எல்லைக்கல். இரண்டும் அசையாமல் நின்றன. இரண்டுக்கும் நடுவே நேராகக் கோடு பிடித்தால் அது சாலையை எங்கே வெட்டுகிறதோ, அங்கேதான் மூன்றாவது கல் இருந்திருக்கவேண்டும்.

இதைக் கேட்டதும் பக்தவச்சலம் வெயிலைக் காட்டினார், சமையல் ஆறிப்போகிறது என்றார், தோப்புக்குள் நல்ல பாம்பு உண்டு என்றும் சொல்லிப் பார்த்தார். கோட்டைத் தேடிக் கொடிகள் சாலையோடு வடக்கே நகர்ந்துகொண்டே இருந்தன. சந்தின் வாயிலைத் தாண்டின. கிணற்றடியையும் தாண்டின. சொக்கம்மாளும் மற்ற பெண்களும் பின்னாலேயே போனார்கள். கொடிகள் நின்ற இடம் தோப்பின் வடக்கு வேலி, அதன் கடைசித் தென்னைக்குப் பக்கத்தில். அங்கே சாலையோரத்தில் மண்வெட்டி இறங்கியதும் கறுப்பாக வந்தது. ஒருவன் கைநிறைய அள்ளிக் காட்டினான். கரி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று என்பார்களே, அது இதுதான். சந்து முழுவதும் எல்லைக்குள். அதை இனி யாரும் அசைக்கமுடியாது. கூடவே தோப்பு முழுவதும், மனைகளும் பலகையும் உட்பட, எல்லைக்குள். யாரோ ஒரு காலத்தில், பட்டணத்து வரிக்குப் பயந்து, கல்லைத் தோப்புக்குத் தெற்கே ராவோடு ராவாகக் கடத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தோப்பை ஆண்டவர் பக்தவச்சலத்தின் தகப்பனார். பக்தவச்சலம், "எங்க அப்பா அப்படிப்பட்டவர் இல்லை" என்றார், யாரும் கேட்காமலே.

ஜெயவேல் சொக்கம்மாளைக் கூப்பிட்டார். அவள் கைகூப்பிக்கொண்டு போய் நின்றாள்.

"நீ திருடலம்மா. வழி தப்பின கல்லைப் பாதி தூரம் வீட்டுக்குக் கொண்டாந்து விட்டிருக்கே. மீதியை நாங்க பார்த்துக்கிறோம்."

சொக்கம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகைதான் வந்தது, பிறகு சிரிப்பு. இரண்டையும் நிறுத்தத் தெரியவில்லை. ஜஹானாரா குனிய முடியாமல் குனிந்து அவள் தலையைத் தடவினாள். "எந்திரிக்கா. எல்லாரும் பாக்கறாங்க." பார்க்கட்டுமே என்று இருந்தது சொக்கம்மாளுக்கு. அன்று இரவு அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஜஹானாராவுக்குப் பெண் குழந்தை பிறந்த வாரத்திலேயே சந்தின் நடுவில் குழாய் திறந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டச் சொக்கம்மாள்தான் முதல் குடம் பிடித்தாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். உப்பு இல்லை. தோய்க்கும் கல் வடக்கே போய்விட்டது. அதற்குப் பதில் ஜாபர் தன் கைவண்டியில் வேறு ஒரு கல் கொண்டுவந்து குழாயடியில் போட்டான். போடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் எழுத்து இருக்கிறதா என்று சந்தே சுற்றி வந்து பார்த்தது.

தோப்புப் பலகையில் 'பட்டணத்து வரி இல்லை' என்ற மேல் வரியைத் தார் பூசி மறைத்துவிட்டார்கள். பழைய வரி பைசலாகும் வரை மனைகளுக்குக் குழாய் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் காலை பக்தவச்சலம் வீட்டுச் சமையல்காரி பூவம்மா இரண்டு பித்தளைக் குடங்களோடு சாலையைக் கடந்து வந்து, பழக்க தோஷத்தில் அவற்றை வரிசைக்கு முன்னால் வைத்தாள். வரிசையில் நின்ற ஒருத்தி அந்தக் குடங்களை ஓரந்தள்ளக் காலைத் தூக்கிவிட்டாள்.

"காலை எறக்குடி" என்றாள் சொக்கம்மாள். பிறகு பித்தளைக் குடங்களைத் தானே தூக்கி, வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்தாள்.

"எல்லைக்கு இந்தாண்டதானம்மா நீங்களும் கீறீங்க. உங்களுக்கும் உண்டு. உன் மொறை வர்ற வரிக்கும் இந்தக் கல்லுமேல குந்து."