சிங்கப்பூரில் காதுகுத்து

தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர்க் குழாய் விற்றுச் சிங்கப்பூர் போனவர் என் வீட்டுக்காரர். சிரிக்காதீர்கள், நிஜம்தான். அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் எங்களுக்கு பைப் கடை. எங்கள் பக்கத்தில் போர் போட்டால் பாதிக்கு மேல் புழுதிதான் வரும். இருந்தாலும் திருச்சுழி, மல்லாங்கிணறு, பாலவனத்தம் என்று ஒருத்தரும் ஆசையை விடுவதில்லை, போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு பைப் விற்றுவிடும். அப்படி விற்றதில் மனம் குளிர்ந்த கம்பெனிக்காரன், டீலர்களைக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கட்கிழமை மதுரையில் வந்து இறங்கிவிடலாம்.

என் வீட்டுக்காரர் காசிராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், பைப் வாங்க வந்தவனிடம் எல்லாம் சொன்னார். எனக்குச் சிங்கப்பூரைப் பார்க்க ஒரு ஆசையும் கிடையாது. ஆனால் அங்கே என் தம்பி மருதுபாண்டி இருக்கிறான். கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. என் மகள் தன்ஷிகா பிறப்பதற்கு முன்னால் போனவன். செல்போனில் முகத்தைப் பார்த்து 'மருமகளே, மருமகளே' என்று கொஞ்சியிருக்கிறானே தவிர, பிள்ளையைக் கையால் தொட்டதில்லை. லீவு கேட்டால் ஒரேயடியாக ஊருக்கே போய்விடு என்கிறானாம் முதலாளி.

அவன் வராததால்தான் பிள்ளைக்குக் காது குத்தாமல் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவது. அந்த மடியை வேறு யாரும் கொடுக்க முடியாது. பெரியப்பன், சித்தப்பன் என்ன, பெற்ற அப்பனே தள்ளித்தான் நிற்க வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒரு வயதில் தவறவிட்டோம், இப்போது மூன்றும் முடியப் போகிறது. "ஒந்தம்பி வர்றதுக்குள்ள புள்ள சமைஞ்சே உக்காந்துருவா போலருக்கு" என்று என் மாமியார் சோற்றைப் போடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் கிடையாது.

சிங்கப்பூர் என்றதும் தம்பிக்குத்தான் முதலில் போன் போட்டேன். என்றைக்கு வருகிறோம் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். அப்புறம், "அக்கா, ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான். இங்க நம்ம தமிழாளுக கடை போட்டிருக்குற தேக்காவுல கோயிலு இருக்கு. காது குத்த நம்ம பக்கத்து ஆசாரி ஒருத்தரு இருக்காரு. நான் பேசி வச்சிர்றேன். நீ புள்ளையக் கொண்டாந்து என் மடியில வச்சாப் போதும்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுதிருப்பான், கழுதை.

திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கிற என் அம்மா தங்கத்தாய்க்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. "ஒத்த ஆம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு ஒரு மொறை செய்ய முடியாமக் கெடந்தேன்டி. மாமன் மடியில குத்தியாச்சுன்னு ஒரு சேதி வந்தாப் போதும்" என்றாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, பாப்போம்" என்றார். அவர் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

விமானத்தில் பக்கத்து சீட்டு டீலரிடம் அவர் பேசுவது காதில் விழுந்தது. "மச்சினன் அங்கதான் இருக்கான். பெரிய கம்பெனியில இஞ்சினியரு."

"எப்பங்க எந்தம்பி இஞ்சினியர் ஆனான்?" என்று கேட்டேன்.

"வாய மூடு. நாலு பேரு மத்தியில கம்பி கட்டுறான்னா சொல்லச் சொல்ற?"

"கம்பி கட்டுறவன் வீட்டுலதான நீங்க பொண்ணு எடுத்தீக? அப்ப இனிச்சுச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே இருட்டு, பார்க்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். எல்லாம் உயரம், எல்லாம் பளபளப்பு. ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து, இதில் எந்தக் கம்பி என் தம்பி கட்டினதோ என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது. கம்பெனியின் ஏரியா மேனேஜரும் எங்களோடு வந்தார். நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக் கூடாது. தன்ஷிகாவைத் தூக்கி வைத்துக்கொண்டு பலூன் வாங்கிக் கொடுத்தார். அவர் பிள்ளையைத் தூக்கியதும் என் வீட்டுக்காரருக்கு வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்த மாதிரி நின்றார்.

சாயந்திரம் ஒரு பெரிய கடைத்தெருக் கட்டடத்துக்குள் விட்டார்கள். பிள்ளை பால் கேட்டாள். அவளை அவரிடம் விட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன். அந்தக் கட்டடத்துக்குள் வழி தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பி வரும்போது அழுகைச் சத்தம் கேட்டது. எத்தனை பிள்ளைகள் அழுதாலும் பெற்றவளுக்குத் தன் பிள்ளை குரல் தெரியாதா? ஓடினேன்.

கம்மல் விற்கிற கடை. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் பிள்ளை. துள்ளிவிடாதபடி இரண்டு கைகளையும் அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு சீனப் பெண் மிஷினைக் கையில் வைத்திருந்தாள். இரண்டு காதிலும் கல் வைத்த கம்மல் ஏறியிருந்தது. சுற்றி நின்ற டீலர்கள் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா! இன்னையிலேருந்து ஒங்க பொண்ணுக்குத் தாய்மாமன் நான்தான். கம்மல் என்னோட சீரு" என்று மேனேஜர் சிரித்தார்.

நான் பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "யாரக் கேட்டுக் குத்துனீக?" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். எல்லோரும் பிள்ளை வலியைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நினைத்து, மிஷினில் குத்தினால் வலிக்காது என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள்.

அறைக்கு வந்ததும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "அவரா ஆசைப்பட்டுக் கேட்டாருடி" என்றார். "புள்ளைக்கு இன்னும் காது குத்தலையான்னு கேட்டாரு. தாய்மாமன் மடியில குத்தணும்னு சொன்னேன். அதுக்கென்ன, நான் இருக்கேன்னு உக்காந்துட்டாரு. மாவட்டம் முழுக்க யாருக்கு சப்ளை குடுக்குறதுன்னு முடிவு பண்றவரு. எந்திரிங்க சார்னு சொல்லவா முடியும்?"

"எந்தம்பிக்கு என்ன பதில் சொல்ல?"

"மடிதான? நாளைக்கு அவன் மடியிலயும் உக்கார வச்சு ஒரு போட்டோ எடுத்துருவோம். ஒங்கம்மாகிட்ட அதக் காட்டு. எந்த மடியில குத்துனதுன்னு காதுலயா எழுதியிருக்கு?"

என்ன பேச்சு இது! அந்த மனுஷன் மூஞ்சியில் ஒரு வருத்தமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். பசிக்கிறது என்றார். சாப்பிடப் போய்விட்டார்.

தம்பிக்குச் சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். எடுத்ததும், "அக்கா, பட்டுப்பாவாட வாங்கிட்டேன். பச்சைக் கலரு. புள்ளைக்கு எடுப்பா இருக்கும்ல?" என்றான். எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஊரையே வாயால் விரட்டுகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோட்டலுக்குக் கீழே வந்து நின்றான். இளைத்துக் கறுத்துப்போயிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், கையில் இரண்டு பை. ஒன்றில் பட்டுப்பாவாடை. இன்னொன்றில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, மிட்டாய், ஒரு எவர்சில்வர் தட்டு. அந்நிய தேசத்தில் சீர்த்தட்டுக்கு எங்கே அலைந்தானோ! என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவன், பிள்ளையைப் பார்த்தான். அப்புறம் அவள் காதைப் பார்த்தான்.

"நேத்துக் குத்திட்டாகடா" என்றேன். வேறு எப்படிச் சொல்ல? யார் மடி என்பதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் பைகளைக் கீழே வைத்தான். "சரிக்கா. மிஷின்ல குத்துனா வலிக்காதுன்னு சொல்லுவாக" என்றான். அங்கேயே ஒரு சோபாவில் உட்கார்ந்து, "வாங்க மருமகளே, மாமாட்ட வாங்க" என்று கையை நீட்டினான்.

தன்ஷிகா வீறிட்டாள். முந்தின நாள் ஒரு ஆம்பளை இப்படித்தான் சிரித்து, மடியில் தூக்கி வைத்து, கையை இறுக்கிப் பிடித்தார். இன்றைக்கு இன்னொரு ஆம்பளை மடியைக் காட்டினால் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமா வேணாம், மாமா வேணாம்" என்று கத்தினாள். ஹோட்டல்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏய், பிடிச்சு ஒரு நிமிசம் உக்கார வையி, போட்டோ எடுத்துக்கிர்றேன்" என்று வீட்டுக்காரர் போனைத் தூக்கினார்.

"வேணாம் மாமா. புள்ள பயப்படுது" என்றான் தம்பி.

அந்த நேரம் மேனேஜரும் நாலைந்து டீலர்களும் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார்கள். என் வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி அவர்கள் பக்கம் நடந்துபோய் நின்றுகொண்டார். தம்பி அதையும் பார்த்தான். என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

பட்டுப்பாவாடையை என் கையில் கொடுத்தான். "ஒரு சைசு பெருசாத்தான்க்கா எடுத்தேன். வளந்தாலும் போட்டுக்குருவா." அப்புறம், ஆசாரி கோயிலில் காத்துக்கொண்டிருப்பார், போய்ச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினான். பிள்ளையைத் தொடாமலே போனான். அவன் ரோட்டைத் தாண்டும் வரை அவள் அழுகையை நிறுத்தவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் அம்மாவைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில் போகலாம் என்றேன். சிங்கப்பூர் போய் வந்தவர் பஸ்ஸில் ஏறுவாரா? கார் எடுத்தார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இந்த மனுஷனை என் அம்மா முன்னால் நிறுத்தி, நடந்ததை நடந்தபடி சொல்லி, மானத்தை வாங்கிவிட வேண்டும் என்று கருவிக்கொண்டே போனேன்.

அம்மா தெருமுனைக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். பிள்ளையின் காதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"தம்பி போன் போட்டான்டி. அவன் மடியில வச்சு நல்லபடியாக் குத்தியாச்சாமே. புள்ள மாமன் மடியில அழுகவே இல்லையாம்ல!"

அக்கா வாழ்கிற இடத்தில் சண்டை வந்துவிடக் கூடாது, பெற்றவள் மனசு உடைந்துவிடக் கூடாது என்று அந்தக் கடலுக்கு அப்பால் தனியாக உட்கார்ந்து பொய்யைக் கட்டியிருக்கிறான். இனி நான் எதைச் சொல்ல?

"எங்க அழுதா? சிரிச்சுக்கிட்டேல்ல உக்காந்திருந்தா அத்த" என்றார் என் வீட்டுக்காரர், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டிக் காட்டினாள். "எங்க, மாமா மடியில எப்பிடி உக்காந்தேன்னு அம்மாச்சிக்கு உக்காந்து காட்டு."

தன்ஷிகா இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு என் பின்னால் ஓடி ஒளிந்தாள்.

"மாமன்னதுமே வெக்கத்தப் பாரேன்!" என்று அம்மா வாய் நிறையச் சிரித்தாள்.