விஞ்ஞானி தொட்ட மெஷின்

கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைத்துவிட்டால் போதும், அவள் புருஷனுக்குத் தலைகால் புரியாது. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிற மனுஷர். லீவு நாளில் வீட்டில் எதையாவது பிரித்துப் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன மாதம் இஸ்திரிப் பெட்டி. அதற்கு முன்னால் சுவர்க் கடிகாரம். அது இன்னும் மேஜை டிராயரில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் அவரை 'எங்க வீட்டு விஞ்ஞானி' என்றுதான் சொல்வாள். அவர் காதில் விழுந்தால் விழட்டுமே.

இன்றைக்கு அந்தக் கை அவளுடைய தையல் மெஷினில் விழுந்தது.

ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு மாதிரியாக ஆறு பச்சை அங்கி தைக்கச் சொல்லித் துணியும் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் ஒப்படைக்க வேண்டும். தையல் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் பழையபடி தெருவில் உள்ளவர்களின் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மூன்று வருஷம் நடையாய் நடந்து பிடித்த வாய்ப்பு இது.

நேற்றே நாலு அங்கி முடிந்திருந்தது. காலையில் ஐந்தாவதைப் போட்டுப் பாதி ஓட்டியபோது நூல் தீர்ந்தது. புதுக் கண்டு மாட்டி நாலு விரற்கடை ஓட்டுவதற்குள் மெஷின் கடகடவென்று அடித்து நின்றது. திருப்பிப் பார்த்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டிருந்தது. வெட்டி எடுத்தாள், ஊசியை மாற்றினாள், மறுபடி ஓட்டினாள். அதே கொத்து.

விஞ்ஞானி வந்து எட்டிப் பார்த்தார்.

"சிக்கல் அடியிலதானே விழுது? அப்ப பாபின்லதான் கோளாறு. நான் பாக்கட்டுமா?"

"நீங்க கடிகாரத்தைப் பாத்த லட்சணம் போதும். தள்ளுங்க."

அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. அணைத்துவிட்டு வர ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? திரும்பி வந்தால் மகானுபாவர் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இன்னொரு கையில் சமையல் எண்ணெய்க் கிண்ணம். மெஷின் எண்ணெய் கிடைக்கவில்லையாம். கிண்ணம் சாய்ந்து, வெட்டி வைத்திருந்த ஆறாவது அங்கியின் முன்பக்கத்தில் கையகலத்துக்குக் கறை பரவியிருந்தது.

துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் மெதுவாக. "பொரிச்சு எடுக்கவா கேட்டேன் மெஷினை? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க. கண்ணு முன்னால நிக்காதீங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகட்டும், தண்டம், என்று நினைத்தாள். இருபது வருஷமாக இந்த மனுஷரைக் கட்டி மேய்க்கிறாளே, அவளுக்கல்லவா பட்டம் கொடுக்க வேண்டும்.

திட்டிக்கொண்டே பாபின் கேஸைத் துடைத்து மாட்டினாள். மேல்நூலையும் மொத்தமாக உருவி எடுத்தாள். துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கி வைத்து, முதலிலிருந்து கோத்து, ஓட்டிப் பார்த்தாள். மெஷின் சொன்னபடி ஓடியது. அடியில் ஒரு சுருள் கிடையாது.

துணியைத் திருப்பி மறுபடியும் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. காலையில் பாதித் தையலில் துணி நழுவக் கூடாதென்று பாதத்தை இறக்கியே வைத்துக்கொண்டு புது நூலைக் கோத்திருக்கிறாள். பாதம் இறங்கியிருந்தால் மேலே நூலைப் பிடிக்கிற தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் அவற்றுக்கு நடுவில் நுழையாது, பிடியில்லாமல் தொளதொளவென்று இறங்கி அடியில் போய்ச் சுருளும். நேற்று தையல் பழகினவள்கூடச் செய்யாத தப்பு. பாபினில் ஒரு கோளாறும் இல்லை.

ஐந்தாவது அங்கிக்குப் பட்டி மடிக்கும்போது விஞ்ஞானி திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் அதே பச்சைத் துணி.

"ஸ்டோர் மேடத்தைப் பாத்துட்டு வரேன். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குக் குடுத்தாப் போதும்னுட்டாங்க."

"அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"உன் வேலையில ஒரு குறையும் இல்லைன்னேன். நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினை நான்தான் நோண்டிக் கெடுத்தேன், துணியையும் பாழாக்கிட்டேன்னு சொன்னேன். நல்லாத் திட்டினாங்க. அப்புறம் சிரிச்சுட்டுத் துணியைக் குடுத்தாங்க." மெஷினைப் பார்த்தார். "ஓடுதா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ரெண்டு வார்த்தைதான். தெரு முழுக்க விஞ்ஞானி விஞ்ஞானி என்று சொல்லிச் சிரித்த வாய்க்கு அந்த ரெண்டு வார்த்தை வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஓடுது," என்றாள். "இனிமே இதைத் தொடாதீங்க."

"தொடமாட்டேன்மா. என் தப்புதான்," என்றார் அவர்.