வளைவில் ஆடிய லோரி

மயிலம்மாள் கணவன் சன்னாசியின் தலையில் புறங்கையால் சீயக்காய் வைத்தபோதும் அவள் தம்பி கிட்டே வரவில்லை. தோட்டத்து ஆட்களின் லயத்து வீடுகளுக்கு எதிரே ரப்பர் மரத்தடியில் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான் அர்ச்சுனன். நேற்றுவரை மாமா மாமா என்று சன்னாசியின் காலையே சுற்றியவன்.

சன்னாசி தோட்டத்து லோரி டிரைவர். நேற்றுச் சாயங்காலம் ஜப்பான்காரர்களின் அரிசி மூட்டைகளோடு ரெம்பாவுக்குப் புறப்பட்டவர், பெடாஸ் வளைவில் வண்டியோடு சதுப்பில் கவிழ்ந்தார். உடலைத் தூக்கி வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். கவிழும் முன் லோரி தொட்டில் மாதிரி ஆடியதாம்.

ஏன் ஆட வேண்டும்? வண்டியைப் பழுது பார்ப்பவனே அர்ச்சுனன்தான். முந்தாநாள் குலுக்கலை அடக்கும் அப்சார்பரைத் திறந்து எண்ணெய் ஊற்றினான். முன் மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே நின்றது. "இனிமே பள்ளத்துல எறங்குனாலும் குதிக்காது மாமா" என்று அவன் சொன்னதை, கஞ்சி கொண்டுபோன அவளே கேட்டாள்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் நாளைக்கு ஆள் ஏற்றுகிறார்கள். முன்பு போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அர்ச்சுனனின் பெயரையும் கூப்பிட்டாயிற்று. ஏற்றிப்போக இருந்தது இந்த லோரிதான்.

மயிலம்மாள் எழுந்து போய் அவன் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்தாள்.

"வண்டிய என்னடா பண்ணுன?"

"நான் ஒன்னும் பண்ணலக்கா."

"பின்ன ஏன் மூஞ்சக் காட்ட மாட்டேங்குற? சயாமுக்குப் போவப் பயந்து அவரச் சாகக் குடுத்துட்டியா?"

அவன் கையை உதறிக்கொண்டான். "வெறகுக்குப் பின்னால பாரு."

கட்டைகளை விலக்கினாள். ஒரு பால் டின். வாழையிலை மூடிய டின்னுக்குள் கெட்டியான கறுப்பு எண்ணெய்.

"மாமாதான் நேத்து மத்தியானம் அப்சார்பர்லேருந்து எறக்குனாரு. இன்னிக்கு வண்டிய சோதிக்க ஜப்பான்காரன் வர்றதா இருந்துச்சு. அமுக்கிப் பாத்தா குதிச்சுக்கிட்டே இருக்கணும், ஆள் ஏத்த லாயக்கில்லன்னு அவன் வாயாலயே சொல்லணும்னாரு. அதுக்குள்ள அரிசி ஏத்தச் சொல்லுவான்னு யாரு கண்டா?"

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஏன்னு கேட்டா?"

மயிலம்மாள் டின்னை அடுப்புச் சாம்பலில் கவிழ்த்துக் கிளறினாள்.

வாசலில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கத்தின் குரல் கேட்டது. வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். அவள் வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"கேக்கக் கூடாத நேரந்தான்மா. வண்டி ஆடுச்சுங்குறாங்க. ஜப்பான்காரன் என் கழுத்தப் புடிக்கிறான்லா. கடைசியா வண்டியில கைய வச்சது ஒன் தம்பிதான?"

ஒப்பாரி நின்றது. அத்தனை கண்களும் அர்ச்சுனனிடம் திரும்பின.

"வண்டி ஆடலீங்கய்யா" என்றாள் மயிலம்மாள். "ஆளுதான் ஆடுனாரு. மூக்கு முட்டக் கள்ளக் குடிச்சிட்டு ஏறுனாரு."

சன்னாசி கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர் என்பது லயம் முழுக்கத் தெரியும். கிராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாலை மூக்கைச் சிந்தினாள். "ஆமாங்கய்யா. நேத்து என் வாசல்ல விழுந்து எந்திரிச்சுத்தான் போனாரு."

"சொன்னாலும் கேக்க மாட்டாருலா" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கிராணி நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பாடைக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

செத்தவருக்குப் பிரியமானதைத் தலைமாட்டில் வைத்து அனுப்புவது அங்கே வழக்கம். பஞ்சாலையின் புருஷன் கள்ளுக்கடைக்கு ஓடி ஒரு போத்தல் வாங்கி வந்தார். கிராணி பார்க்க, அதை மயிலம்மாளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக் கணவனின் தலையருகே வைத்தாள். நுரை பொங்கி அவர் கன்னத்தில் தெறித்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.