முப்பது தோட்டாக்கள்

இருபதாவது தோட்டாவையும் அளந்து முடித்த மெரில், அளவுமானியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அறுவடை முடிந்த பார்லி வயலை ஜன்னல் வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்து நான் சுட்டெடுத்த பேஸ்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை. எதிரே கிடந்த தாளில் இருபது எண்கள். முதல் நான்கு நேராக இருந்தன. போகப் போக எழுத்து சிறுத்து, கடைசி எண் எறும்பு அளவுக்கு வந்திருந்தது.

"கிளெம், கிளப் அறிவிப்புப் பலகையில ஒரு சீட்டு ஒட்டிட்டு வந்துடு. துப்பாக்கி விலைக்கு இருக்குன்னு."

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷம். நான் துப்பாக்கியைத் தொட்டவன் இல்லை. தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மெரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். சனிக்கிழமைகளில் கிளப் மைதானத்தில் குப்புறப் படுத்து, எண்ணூறு மீட்டர் தள்ளி நிற்கும் குறிப்பலகையைச் சுடுவாள். கடையில் விற்கும் தோட்டாவை அவள் நம்பியதில்லை. சுட்ட பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கடைசியில் கூட்டின் வாயில் குண்டை வைத்து அழுத்துக் கருவியின் நெம்புகோலை இழுப்பாள். அடியில் குழி வைத்த ஒரு தண்டு மேலேயிருந்து குண்டை உள்ளே அழுத்தும். ஒவ்வொரு குண்டும் ஒரே ஆழத்துக்கு இறங்க வேண்டும். தலைமுடி கனத்துக்கு மாறினாலும் பலகையில் தெரிந்துவிடும் என்பாள். ஷெட்டிலிருந்து வரும் நெம்புகோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் உருளைக்கிழங்கு நறுக்குவேன். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை அதுதான்.

ஜனவரியில் அடிலெய்டு டாக்டர் அவளை மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். வலது கை நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். வீடு திரும்ப இரண்டு மணி நேரம். ஊரில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று வாசலில் வண்டியை நிறுத்தியபோது சொன்னாள். அதே மாதம்தான் தோட்டாக்களின் அளவு பிசக ஆரம்பித்தது. ஒன்று ஆழமாக இறங்கும், அடுத்தது மேலே நிற்கும்.

அவள் லேசில் விட்டுவிடவில்லை. கருவியைக் கழற்றி எண்ணெய் போட்டாள். கூடுகளின் கழுத்தை ஒரே நீளத்துக்கு வெட்டினாள். நெம்புகோலை மெதுவாக இழுத்துப் பார்த்தாள், நிறுத்தி நிறுத்தி இழுத்துப் பார்த்தாள். வழக்கமான குண்டு கிடைக்காமல் இந்த முறை வேறு வாங்கியிருந்தாள். அதிலும் ஐம்பதை எடுத்து, அடியிலிருந்து தோள்வரை அளந்தாள். குண்டின் கூர்ப்பு தொடங்கும் இடத்தைத் தோள் என்பாள். எல்லாம் ஒரே அளவு. மற்றபடி கருவி பத்தொன்பது வருஷமாக அதே கருவி. மாறியது தன் கை ஒன்றுதான் என்று முடிவு கட்டினாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது?

சீட்டை ஒட்டினேன். இரண்டாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றவன் ராய்ஸ் பெங்கெல்லி.

மெரில் அவனோடு பேசி பதினோரு வருஷம் ஆகிறது. கிளப் இறுதிப் போட்டியில் அவளுடைய கடைசிக் குண்டு பக்கத்து ஆளின் பலகையில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த ராய்ஸ் மட்டும் எழுந்து போய் நடுவரிடம் சொன்னான். கோப்பை கைவிட்டுப் போனது. அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். மன்னிக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

"துப்பாக்கிய பாக்க வந்தியா?" என்றாள்.

"விக்கிறவள பாக்க வந்தேன். நீ கை காலை வித்தாலும் இத விக்கமாட்டியே."

அவள் ஷெட்டுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். என்ன ஆகுமோ என்று நானும் போனேன். மேசைமேல் கிடந்த தாளை ராய்ஸ் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். என்னென்ன செய்து பார்த்தாய் என்று கேட்டான். பேருந்துத் தடத்தைச் சொல்வதுபோல அவள் வரிசையாகச் சொன்னாள். பிறகு அவன் கேட்காமலேயே, இது கருவியின் கோளாறு இல்லை, தன் கைதான் காரணம் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மருந்து போடாத வெறும் கூடுகள் பத்து எடுத்துத் தா என்றான்.

ராய்ஸ் ரயில்வே பட்டறையில் நாற்பது வருஷம் கடைசல் வேலை பார்த்தவன். அவன் கை மேசைமேல் இருந்தால் மேசையின் ஒரு பாகம் மாதிரி இருக்கும். பத்துக் குண்டுகளையும் நிதானமாக இறக்கினான். அடுத்து என்னைப் பார்த்து, "நீயும் பத்து போடு" என்றான். எனக்கு எது மேல் எது கீழ் என்றே சரியாகத் தெரியாது. மெரில் சொல்லச் சொல்ல இழுத்தேன். ஒரு தடவை விரலை நசுக்கிக்கொண்டேன். கடைசிப் பத்து மெரில் போட்டாள். குண்டைக் கூட்டின் வாயில் வைக்கும்போது அவள் விரல் நடுங்கியதை ராய்ஸ் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தான்.

மூவரும் போட்டதைத் தனித்தனியாக வைத்திருந்த மூன்று டப்பாக்களையும் அவள் முன்னால் வைத்து, எது யாருடையது என்று நினைக்காமல் அள என்றான். அரைமணி நேரம் ஆனது. முப்பது எண்கள். ராய்ஸுடைய பத்தும் ஏறி இறங்கின. மெரிலுடைய பத்தும் அதே அளவுக்கு ஏறி இறங்கின. என்னுடையதும் அப்படித்தான்.

"கிளெம் போட்டதும் நான் போட்டதும் ஒண்ணா இருக்குன்னா, அது எனக்குக் கேவலம்" என்றான் ராய்ஸ். "உனக்கு இல்ல."

மெரில் தாளைப் பிடித்தபடி நின்றாள். தாள் படபடத்தது. அந்த நிமிஷம் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிழை உன் கையில் இல்லை என்று நானோ எங்கள் மகளோ சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று தள்ளியிருப்பாள். ராய்ஸ் ஆறுதலுக்குப் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதற்கு அவளைவிட நல்ல சாட்சி ஊரில் கிடையாது.

அதன்பின் நடந்தது சுலபம். ராய்ஸ் ஒரு குண்டு முழுவதும் பேனா மையால் கறுப்படித்து, கூட்டில் இறக்கி, வெளியே எடுத்தான். தண்டு எங்கே பட்டதோ அங்கே மை போயிருக்கும். தோளைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருக்க வேண்டும். வளையமே இல்லை. நுனியில் மட்டும் ஊசி முனையளவு செம்பு மின்னியது. மெரில் அதைக் கையில் வாங்கிய உடனே புரிந்துகொண்டாள். புதுக் குண்டின் மூக்கு நீளம். தண்டின் குழி அதற்குப் போதவில்லை. தோளைப் பிடித்து அழுத்த வேண்டிய தண்டு நுனியை அழுத்தியிருக்கிறது. நுனிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அதனால் ஆழமும் ஒன்றுபோல் இல்லை.

"நுனிய நான் அளக்கவே இல்ல" என்றாள். "தோளோட நிறுத்திட்டேன்."

தண்டைக் கழற்றிக் கொடு, குழியை ஆழப்படுத்தித் தருகிறேன் என்றான் ராய்ஸ். அவள் கழற்றினாள். திருகு இரண்டு முறை நழுவியது. நான் கை நீட்டப் போனேன். ராய்ஸ் லேசாகத் தலையசைத்து என்னைத் தடுத்தான். மூன்றாவதில் கழன்றது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தபோதுதான் மெரில் சொன்னாள், டாக்டர் சொன்ன பெயரை.

அவன் கொஞ்ச நேரம் தண்டையே உருட்டிப் பார்த்தான்.

"அது கைக்கு வந்தது. இது தண்டுக்கு வந்தது. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டாத." பிறகு, "எவ்வளவு நாள்னு ஏதாவது சொன்னாரா?" என்றான்.

"சொல்லத் தெரியாதாம். சிலருக்கு ரொம்ப மெதுவாத்தான் போகுமாம். மாத்திரைக்குக் கொஞ்சம் கேக்குது."

"நான் இந்த வருஷம் துப்பாக்கிய மணல் பையில தாங்கி வெச்சு சுடுற பிரிவுக்குப் போறேன். தோள்பட்டை போச்சு. வாயேன்."

"அது தூங்கிட்டே சுடுறவங்களுக்கு."

"வா. உன்ன எழுப்பி விடுறேன்."

அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். ஜனவரிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. ராய்ஸ் இரண்டு பேஸ்டி சாப்பிட்டுவிட்டு, மிளகு போதாது என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் போய்ச் சீட்டைக் கிழித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கொடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. மெரில் பாயில் படுத்து, முன்னால் இருந்த மணல் பையில் துப்பாக்கியைக் கிடத்தி, கொடியையே வெகுநேரம் பார்த்தாள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் பின்னால் மடக்கு நாற்காலியில் நான். வெடித்த சத்தத்தில் என் தேநீர் சிந்தியது. தூரத்தில் பலகை புள்ளி பார்ப்பதற்காக மெல்ல மண்மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. எல்லோரும் அது ஏறுவதற்காகத் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தார்கள். மெரில் பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்தாள். அது துப்பாக்கியில் தோட்டா போடும் அறையின் விளிம்பில் ஒரு முறை தட்டியது, இன்னொரு முறை தட்டியது, பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.