துடைப்பம் படம் போட்ட பெட்டி

நல்லம்பள்ளியில் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நிர்மலா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நாற்காலி அவளுடையது. மஸ்கட்டில் இருக்கும் நாத்தனார் மலர்விழியை வீடியோவில் வரவழைத்து மாமியார் காவேரிக்குக் காட்டுவாள். "எங்க நிர்மலா இல்லைன்னா எம் பொண்ணு மூஞ்சிய நான் எங்க பாக்கறது" என்று காவேரி தெரு பூராவும் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு பேச்சுக்காக நிர்மலா அந்த வீட்டில் எவ்வளவு சாணி வேண்டுமானாலும் அள்ளுவாள்.

தை மாதம் சின்ன மருமகளாக சுசித்ரா வந்தாள். நிறம், படிப்பு, அதிராத பேச்சு. அதையெல்லாம்கூட நிர்மலா பொறுத்துக்கொண்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலர்விழி முகம் வர வேண்டிய நேரத்தில் திரை முழுக்க ஒரு சிவப்புப் பெட்டி. துடைப்பம் படம் போட்டு, கீக்கீ என்று அலறி, கம்ப்யூட்டர் முழுக்கக் குப்பை, பணம் கட்டினால்தான் சுத்தமாகும் என்றது. ஒன்றை மூடினால் இரண்டு திறந்தது.

"என்னாச்சு நிர்மலா? புள்ள அங்க காத்துக்கிட்டு இருப்பாளே."

"ஒரு நிமிசம்ங்க அத்தை. வந்துரும்."

வரவில்லை. "நான் பாக்கட்டுங்களா அக்கா?" என்றாள் சுசித்ரா. அந்தப் பணிவில் ஏதாவது குறை கண்டுபிடிக்க முடியுமா என்று நிர்மலா தேடிப் பார்த்தாள். இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

சுசித்ரா முதலில் வைஃபையைத் துண்டித்தாள். "இது சுத்தம் பண்றதில்லீங்க அத்தை. குப்பை இருக்குதுன்னு பயமுறுத்திக் காசு புடுங்கற சாஃப்ட்வேர்" என்றபடி, உள்ளே ஏற்றியிருக்கும் சாஃப்ட்வேர்களின் வரிசையைத் திறந்தாள். துடைப்பத்துக்குப் பக்கத்தில் அது ஏறிய தேதி இருந்தது. அங்கே அவள் கை நின்றது.

சுசித்ராவின் பிறந்த வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்ததற்கு முந்தின நாள் அது. சுவருக்கு வெள்ளையடித்து, புளி போட்டுப் பித்தளையைத் தேய்த்து, மாட்டைக்கூடக் குளிப்பாட்டி விட்டிருந்த நாள். வரப்போகிறவள் வீட்டார் ஒரு தூசி கண்டுவிடக் கூடாது என்று நிர்மலாவுக்கு வெறி. குப்பை இருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொன்னபோது அதை மட்டும் விடுவாளா? கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்தித் தள்ளினாள்.

சுசித்ரா திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதை நீக்கினாள். போகவா, ஆபத்து வருமே என்று அது கெஞ்சியது, இவள் மசியவில்லை. பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேறு ஏதாவது பதுங்கியிருக்கிறதா என்று வைரஸ் தேட விட்டாள். சரியாகிவிடக் கூடாது சாமி என்று நிர்மலா மனதார வேண்டிக்கொண்டாள்.

சரியாகிவிட்டது. வைஃபையைத் திரும்ப இணைத்ததும் திரையில் மலர்விழி சிரித்தாள்.

"இந்தச் சனியன யாரு உள்ள வுட்டது?" என்றாள் காவேரி.

"யாரும் வுடலீங்க அத்தை. அதுவா வந்து ஏறிக்கும்" என்றாள் சுசித்ரா.

நிர்மலாவுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். ஆனால் காலம் பூராவும் இவள் போட்ட பிச்சையில் நிற்பதா என்றுதான் தோன்றியது. அதற்குத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

"பொய்யிங்க அத்தை. நான்தான் ஏத்துனேன். இவங்க வூட்ல இருந்து பாக்க வந்தாங்கல்ல, அதுக்கு முந்தின நாளு. அது இவளுக்கும் தெரியும்."

காவேரி திட்டவில்லை. சின்ன மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "தெரிஞ்சும் உன்னக் காட்டிக் குடுக்கல பாரு நிர்மலா. இப்புடி ஒரு புள்ள எந்த வூட்டுக்கு வரும்?"

"தங்கமான பொண்ணும்மா" என்றாள் மலர்விழி மஸ்கட்டிலிருந்து.

சுசித்ரா பதறி எழுந்தாள். "அக்கா, நீங்க உக்காருங்க."

"நீயே இரு கண்ணு. அவ போயி எல்லாருக்கும் காபி போடட்டும்."

நிர்மலா சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். கூடத்தில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று அங்கிருந்து கேட்கவில்லை.