ரெட்டைவால்

அலுவலகத்தில் அவளுக்கு ஓடைக்காரி என்று பெயர். பதினோரு வருஷமாக முழங்கால் தண்ணீரில் நின்று காலால் கல்லைக் கிளறுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் கலைந்து தண்ணீரோடு வரும். கீழே வலை பிடித்து அள்ளி, எந்தப் பூச்சி எத்தனை என்று எண்ணினால் ஓடைக்கு உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும். வலை பிடித்தவள் வலைக்காரி. நான்கு மாதம் முன்பு அவளுக்குப் பதவி உயர்வு வந்து, வெளியூர்த் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டாள். ஓடைக்காரி இப்போது தானே கிளறி, தானே வலையும் பிடிக்கிறாள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்பார்கள். பூச்சியெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, பேச்சுதான் வரவில்லை.

தெர்மாமீட்டரைப் பார்த்து "இருபத்தேழு" என்று உரக்கச் சொல்லும் பழக்கம் மட்டும் போகவில்லை. கரையிலிருந்து "எழுதியாச்சு" என்று பதில் வராது. கையைத் துடைத்துக்கொண்டு தானே ஏறிப்போய் எழுதுவாள். சில நாள் அன்றைக்கு அவள் வாயைத் திறந்து சொன்னது அந்த ஒரு எண்ணாகத்தான் இருக்கும்.

பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் ஊர் ஓடை இரண்டு தடவை இந்தப் பூச்சி மதிப்பெண்ணில் தேறவில்லை. மூன்றாவது தடவையும் கோட்டை விட்டால், செத்த ஓடை என்று எழுதி, மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடி ரோடாக்கிவிடுவதென்று நகரசபை முடிவெடுத்திருந்தது. பார்க்க லட்சணமான ஓடையொன்றும் இல்லை, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாள் இருவரும் சேர்ந்து வழுக்கி விழுந்தது இதில்தான்.

அன்று காலை மலையோடையில் வேலையை முடித்துவிட்டு, மதியம் அந்த மூன்றாவது சோதனைக்கு ஊர் ஓடையில் இறங்கினாள். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். சேற்றுப் புழு, சிவப்புப் புழு, நாலு நத்தை. எல்லாம் அழுக்கில் பிழைக்கிற கூட்டம். தட்டின் மூலையில் பின்னால் இரண்டு வாலை நீட்டிக்கொண்டு ஒரு சின்னப் பூச்சி கிடந்தது.

ரெட்டைவால்! புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. இருவர் வாயிலும் நுழையாததால் தாங்களே வைத்த பெயர் இது. குளிர்ந்த, சுத்தமான தண்ணீரைத் தவிர வேறெங்கும் அது குடியிருக்காது. புழுவுக்கு ஒரு மார்க் என்றால் இதற்குப் பத்து. இது ஒன்று போதும், ஓடை விளிம்பில் தேறிவிடும்.

பூச்சி அசையவில்லை. வலையில் நசுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மூன்றரை என்றது மீட்டர். அந்த மூச்சில் ரெட்டைவால் ஒரு நாள் தாங்காது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தாலும் மீட்டருக்குத்தான் கோளாறு என்று முடிவுகட்டினாள். ஆசை வெட்கம் அறியாது. உடனே போன் போட்டாள்.

"ஏய், ஊர் ஓடையில ரெட்டைவால் கிடைச்சிருக்குடி!"

"கதை விடாதே," என்றாள் வலைக்காரி.

"சத்தியமா. தட்டுல கிடக்குது."

வலைக்காரி போட்ட கூச்சலில் போனே அதிர்ந்தது. "எல்லாரும் என்னையே பார்க்கறாங்க, இரு, வெளிய வரேன்." பிறகு இருபது நிமிஷம் பேசினார்கள். நான்கு மாதமாக 'நல்லா இருக்கியா', 'இருக்கேன்' என்பதைத் தாண்டாதவர்கள்.

"சனிக்கிழமை வரேன். நானே இறங்கிப் பார்த்தாத்தான் நம்புவேன்," என்று முடித்தாள் வலைக்காரி.

அன்றிரவு ஓடைக்காரி பசித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் ரெட்டைவாலை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். அதன் கால் இடுக்கில் பச்சைப் பாசித் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. ஊர் ஓடையில் அந்தப் பாசி கிடையாது. மலையோடைக் கல்லில்தான் உண்டு. எழுந்துபோய் வலையைப் புரட்டினாள். தையல் ஓரத்தில் அதே பாசி காய்ந்து ஒட்டியிருந்தது.

ஓர் ஓடையை விட்டு ஏறினால் வலையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அது வலைக்காரியின் வேலை. அவள் போனபின் ஒவ்வொரு தடவையும் ஞாபகமாக அலசியவள், நேற்று வலையைக் கரையில் போட்டுவிட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்துவிட்டாள். பிறகு அப்படியே வண்டியில் ஏற்றினாள். மறந்துவிட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பின்னால் யாரோ அலசுகிறார்கள் என்று அவள் உடம்பு நம்பியிருந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது? முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது, இது எள்ளளவு. வாயை மூடிக்கொண்டால் ஓடையும் பிழைக்கும், சனிக்கிழமை அவளும் வருவாள். ஓடைக்காரி அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வலையை மூன்று தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு ஊர் ஓடைக்கே போனாள். உண்மையிலேயே ஒன்று இருந்துவிடக்கூடாதா என்று மூன்று இடத்தில் கல்லைக் கிளறினாள். புழுக்கள்தான் வந்தன. தண்ணீரில் நின்றபடியே போன் செய்தாள்.

"அது இந்த ஓடையோட பூச்சி இல்லடி. மலையோடையிலேர்ந்து வலையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நான் வலையை அலசலை."

"ஐயோ. மறுபடி எடுத்துப் பார்த்தியா?"

"இப்பதான். வெறும் புழு."

"சரி விடு, அடிச்சு எழுதிடு. நல்லவேளை, நகரசபைக்குப் போகலை." அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அப்ப சனிக்கிழமை நான் வர அவசியமில்லைல்ல? இங்க வேலை தலைக்கு மேல கிடக்குது."

"இல்ல. அவசியமில்ல."

"வச்சிடறேன்."

போன் அடங்கிய பிறகும் ஓடைக்காரி அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுகை முட்டியது. மூடப்போகிற ஓடைக்காகத்தான் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவசியம் இல்லாவிட்டால் என்ன, சும்மா வாயேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷமும் வேலையே வலைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்ததால், அவளை வா என்று கூப்பிட ஓடைக்காரிக்குப் பழக்கமே இல்லை.